சென்னை – சான்பிரான்சிஸ்கோ: தூரம் எத்தனை கிலோமீட்டர், பயணம் எத்தனை மணி நேரம்?

பெரம்பூர்க்காரர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ரயில்வேயில் முப்பத்தோரு ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். வரும் மே மாதம் நானும் என் மனைவியும் சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகில் இருக்கும் இளைய மகள் வீட்டுக்குப் போக இருக்கிறோம். இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம்.

எந்த ஊருக்குப் புறப்பட்டாலும் கிலோமீட்டரும் ஓடும் நேரமும் தெரிந்த பிறகே பெட்டி கட்டுவது என் வழக்கம். சென்ட்ரலிலிருந்து புது தில்லி ஏறத்தாழ 2,180 கி.மீ.; தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் சுமார் முப்பத்து மூன்று மணி நேரம். யாரைக் கேட்டாலும் இதே எண்களைத்தான் சொல்வார்கள். விமானத்தில் அப்படி ஓர் எண் கிடைக்கவில்லை. ஓர் இணையதளம் 13,900 கி.மீ. என்கிறது. மாப்பிள்ளை அனுப்பியிருக்கும் சிங்கப்பூர் வழித் திட்டத்தைக் கூட்டினால் 16,500 வருகிறது. கூடத்தில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் அளவுகோலை வைத்து நானே அளந்தபோது 22,500 வந்தது. மூன்றும் ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையே!

நேரம் இன்னும் குழப்புகிறது. செவ்வாய்க்கிழமை அதிகாலை 1 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு, அதே செவ்வாய்க்கிழமை காலை 10:30 மணிக்கு இறங்குவோம் என்று அந்தத் திட்டத்தில் இருக்கிறது. திரும்பும்போதோ செவ்வாய் இரவு 11 மணிக்கு ஏறினால் வியாழன் காலை 10:30 மணிக்குத்தான் சென்னை. போக ஒன்பதரை மணி, வர ஒன்றரை நாளா? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார முடியாது. மாப்பிள்ளை இன்னும் பணம் கட்டவில்லை. ஆகையால், உண்மையான தூரம் எது, விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் எவ்வளவு என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

உருண்டை உலகம் எழுதியது:

ஐயா, தாம்பரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்துகிறவன் என்ற முறையில் முதலில் உங்கள் 22,500-ஐத் தள்ளிவிடுகிறேன். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ.; அதில் பாதி 20,000. உலகில் எந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுக்கு இடையே இருக்கும் மிகக் குறைந்த தூரம் அந்த 20,000-ஐத் தாண்ட வழியே இல்லை. அந்தப் பக்கமாகப் போனால் கூடுதலாக இருக்கிறது என்றால், இந்தப் பக்கமாகச் சுற்றி வந்துவிடலாமே!

பிழை உங்கள் அளவுகோலில் இல்லை, படத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் மாட்டும் உலகப் படங்களில் பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கம் நடுவில் இருக்கும். அமெரிக்கா இடக்கோடியிலும் ஜப்பான் வலக்கோடியிலும் நிற்கும். சென்னையிலிருந்து நீங்கள் மேற்கே அரேபியா, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று கோடு போட்டிருப்பீர்கள். அது பூமியின் பாதிக்கும் மேலான சுற்று. அதுவல்லாமல், உருண்டையைத் தட்டையாக்கும்போது நேர்க்கோடு என்பதன் பொருளே மாறிவிடுகிறது. 1569-இல் மெர்காட்டர் வெளியிட்ட படம் கடலோடிகளுக்காக வரையப்பட்டது. திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போகும் வழிதான் அதில் நேர்க்கோடாகத் தெரியுமே தவிர, குறுக்கு வழி அப்படித் தெரியாது.

குறுக்கு வழிக்குப் பெருவட்டம் என்று பெயர். அதைக் காண உருண்டையும் நூலும் போதும். சென்னையின் மீது ஒரு விரல், சான்பிரான்சிஸ்கோ மீது ஒரு விரல் வைத்து, நூலைத் தொய்வின்றி இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த ஊர்களைத் தொடுகிறது என்பதை நான் இப்போது சொல்லப்போவதில்லை; நீங்களே பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பெரம்பூர்க்காரர் எழுதியது:

ஆசிரியர் சொன்னதை உடனே செய்து பார்த்துவிட்டேன். பேத்தியின் பூகோள உருண்டை வீட்டில் இருந்தது; விட்டம் 30 செ.மீ. மனைவி பூ கட்டும் நூலிலிருந்து மூன்று முழம் வாங்கிக்கொண்டேன். முதலில் நடுவில் சுற்றிப் பார்த்ததில் 94 செ.மீ.; அப்படியானால் ஒரு சென்டிமீட்டருக்கு 425 கி.மீ. பிறகு இரண்டு ஊர்களுக்கும் இடையே இழுத்துப் பிடித்ததில் நூலின் நீளம் 33 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. பெருக்கினால் 14,000-க்குக் கொஞ்சம் கீழே வருகிறது. அந்த இணையதளம் சொன்ன 13,900 சரிதான்.

ஆனால் நூல் போன வழியை நான் சற்றும் எதிர்பார்க்கவில்லை. கிழக்கே ஜப்பான் பக்கம் போகும் என்று நினைத்திருந்தேன். அதுவோ நேராக வடக்கே ஏறுகிறது. ஆந்திரக் கடற்கரை, ஒடிசா, பீகார் என்று போய், நேபாளத்தில் எவரெஸ்ட் என்று அச்சிட்டிருக்கும் சிறிய முக்கோணத்தின் மேலேயே படுத்துக்கிடக்கிறது! அதற்குப் பிறகு திபெத்து, மங்கோலியா, சைபீரியா. உருண்டையின் உச்சிக்கு அருகில் போய்த் திரும்பி, அலாஸ்கா வழியாக இறங்குகிறது. மனைவியை அழைத்துக் காட்டினேன். "வடதுருவத்துக்கா என்னைக் கூட்டிப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, நூலைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உருண்டை உலகம் எழுதியது:

அம்மா சொன்னதில் பெரிய பிழை இல்லை. கணக்கிட்டால் அந்தப் பாதையின் உச்சி ஏறத்தாழ 69 பாகை வட அட்சத்தில், ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் சுக்கோத்கா பகுதியில் வருகிறது. ஆர்க்டிக் வட்டம் அறுபத்தாறரைப் பாகைதான். நூல் அதையும் தாண்டிவிட்டது.

டிக்கெட் மேசை எழுதியது:

எழும்பூரில் பயணச்சீட்டு அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நூல் காட்டும் வழியில் எந்த விமானமும் அப்படியே போவதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால், விமானி உடனே சுமார் 10,000 அடி உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். பயணிகள் தாமாக மூச்சுவிடக்கூடிய உயரம் அது. திபெத்தின் தரையே சராசரியாக 4,500 மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 15,000 அடியில் இருக்கும்போது, இறங்குவதற்கு இடம் ஏது? ஆகவே நெடுந்தூர விமானங்கள் பெரும்பாலும் அந்தப் பீடபூமியைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

அடுத்தது ரஷ்யா. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து அமெரிக்க, கனடிய, ஐரோப்பிய நிறுவனங்களின் விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டிருக்கிறது; வேறு சில நாட்டு நிறுவனங்கள் அதற்குப் பிறகும் அந்த வழியே பறந்திருக்கின்றன. 2023 ஜூனில் தில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் போன விமானம் ஒன்று, இயந்திரக் கோளாறு காரணமாக மகதான் என்ற ரஷ்ய ஊரில் இறங்கியதும், பயணிகளை மாற்று விமானம் வந்து ஏற்றிச் சென்றதும் செய்தித்தாள்களில் வந்தன. தில்லியிலிருந்து அமெரிக்கா போகிறவர்கள் மகதான் இருக்கும் ஓகோத்ஸ்க் கடலோரம் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று அன்றைக்குப் பலரும் கேட்டார்கள். நூலை இழுத்துப் பார்த்தவருக்கு அதில் வியப்பு இருக்காது.

சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் வழியில் ஓரிடத்தில் மாறித்தான் போகிறார்கள். மாறும் ஊரைப் பொறுத்துத் தூரம் இப்படி வரும். இரண்டு துண்டுகளையும் பெருவட்டக் கணக்கில் கூட்டியிருக்கிறேன். தில்லி வழி 14,140 கி.மீ., ஹாங்காங் வழி 14,850, துபாய் வழி 15,970, சிங்கப்பூர் வழி 16,500, பிராங்ஃபர்ட் வழி 16,740, லண்டன் வழி 16,850. உங்கள் மாப்பிள்ளையின் 16,500 இப்படித்தான் வந்தது: சென்னை – சிங்கப்பூர் 2,925, சிங்கப்பூர் – சான்பிரான்சிஸ்கோ 13,580. சென்னையிலிருந்து தெற்கே இறங்கிவிட்டுப் பிறகு ஏறுகிறீர்கள் என்பதால் இரண்டாவது துண்டே 13,900 என்ற குறுக்கு வழித் தூரத்துக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கிறது, கவனியுங்கள்.

மூன்று முறை போனவள் எழுதியது:

கிலோமீட்டரைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள். முழங்காலைப் பற்றி யாரும் எழுதவில்லை.

முதலில் ஐயாவின் ஒன்பதரை மணி நேரத்தைத் தீர்த்துவிடுவோம். சீட்டில் அச்சிட்டிருப்பது அந்தந்த ஊரின் கடிகார நேரம். மே மாதத்தில் கலிபோர்னியா நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கி இருக்கும். நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை, அங்கே கோடைக்கால நேரம் இல்லாத மாதங்களில், பதின்மூன்றரை மணி நேரம். அங்கே செவ்வாய் காலை 10:30 என்றால் பெரம்பூரில் செவ்வாய் இரவு 11 மணி. அதிகாலை 1 முதல் இரவு 11 வரை இருபத்திரண்டு மணி நேரம். அதுதான் உங்கள் பயணம். திரும்பும்போது அங்கே செவ்வாய் இரவு 11 என்பது இங்கே புதன் காலை 11:30. வியாழன் காலை 10:30 வரை இருபத்து மூன்று மணி நேரம். போகும்போது கிடைத்ததுபோல் தோன்றும் அரை நாளை வரும்போது திருப்பிக் கொடுக்கிறீர்கள், அவ்வளவே.

அந்த இருபத்திரண்டு மணி நேரம் எப்படித் துண்டாகிறது என்பதுதான் முழங்காலுக்கு முக்கியம். சிங்கப்பூர் வழியில் முதல் துண்டு நாலே கால் மணி நேரம், நடுவில் இரண்டே கால் மணி நேரம், அடுத்தது பதினைந்தரை மணி நேரம். துபாய் வழியும் ஏறத்தாழ இப்படித்தான்: நாலும் பதினாறும். தூரத்தில் துபாய் 500 கி.மீ. குறைவு என்றாலும் உட்காரும் நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை. பிராங்ஃபர்ட் வழியாகப் போனால் பத்து மணி நேரம், பிறகு பதினொன்றரை மணி நேரம். மொத்தத்தில் சிங்கப்பூரைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பறக்கிறோம். ஆனால் எந்தத் துண்டும் பன்னிரண்டைத் தாண்டுவதில்லை. நான் இரண்டு வழிகளிலும் போயிருக்கிறேன். பத்து மணி நேரம் முடிந்து இறங்கி, நீண்ட நடைபாதையில் கைகளை வீசி நடந்து, காப்பி குடித்துவிட்டு ஏறியபோது கால்கள் என்னுடையவையாக இருந்தன. பதினைந்தாவது மணி நேரத்தில் அப்படி இல்லை. செருப்புக்குள் கால் நுழையவில்லை, வீங்கியிருந்தது.

நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்று சீட்டு எடுக்கும்போதே எழுதச் சொல்லுங்கள். மூன்று இடங்களிலும் அது கிடைக்கும். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. அதிகாலை விமானங்களில் நம் ஊர் அம்மாக்கள் வரிசையாகச் சக்கர நாற்காலியில் போவதைப் பார்த்தால் உங்கள் மனைவிக்கும் துணை கிடைத்ததுபோல் இருக்கும்.

பெரம்பூர்க்காரர் எழுதியது:

அம்மா, மிக்க நன்றி. ஒரு சந்தேகம். பிராங்ஃபர்ட் வழியும் சிங்கப்பூர் வழியும் தூரத்தில் 240 கி.மீ. மட்டுமே வேறுபடுகின்றன. மணிக்கு 900 கி.மீ. போகும் விமானத்துக்கு அது ஏறத்தாழக் கால் மணி நேரம்தான். இரண்டு மணி நேர வேறுபாடு எங்கிருந்து வந்தது?

டிக்கெட் மேசை எழுதியது:

காற்றிலிருந்து வந்தது. விமானங்கள் பறக்கும் ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. ஜப்பானுக்கும் வட பசிபிக்குக்கும் மேலே குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கி.மீ.க்கு மேலும் வீசும். சிங்கப்பூரிலிருந்தோ ஹாங்காங்கிலிருந்தோ கிழக்கே போகிறவரை அது முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. மேற்கே ஐரோப்பா வழியாகப் போகிறவர் பல இடங்களில் அதை எதிர்த்துப் போக வேண்டியிருக்கிறது. திரும்பி வரும்போது இது தலைகீழாகும். சிங்கப்பூர் துண்டு போகும்போது பதினைந்தரை என்றால் வரும்போது பதினேழை ஒட்டி வரும்.

ரயில்வேக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அட்டவணையில் போடும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊரின் வாயிலில் போய் நிற்பது வரை, ஓடுதளத்துக்குப் போகும் நேரம், வரிசையில் நிற்கும் நேரம் எல்லாம் அதில் அடக்கம். கடைசி இரண்டு நிலையங்களுக்கு இடையே நீங்கள் தாராளமாக நேரம் வைப்பீர்களே, அதுபோல இங்கேயும் வைப்பார்கள். அதனால்தான் அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய விமானம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து பெயர் வாங்குகிறது.

பசிபிக் வழி எழுதியது:

பிராங்ஃபர்ட் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஹாங்காங்கையும் பாருங்கள். 14,850 கி.மீ. என்பது குறுக்கு வழியைவிட ஆயிரம் கி.மீ. கூடக் கூடுதல் இல்லை. முதல் துண்டு ஐந்தரை மணி நேரத்துக்குள்; அடுத்தது காற்றின் துணையோடு பதின்மூன்றுக்குள். மொத்தம் பறப்பது பதினெட்டரைதான். மூன்று முறை போன அம்மையார் சொன்ன சமமான துண்டுகள் இதில் இல்லை. ஆனால் சிங்கப்பூரின் பதினைந்தரையும் இல்லை, பிராங்ஃபர்ட்டின் இருபத்தொன்றரையும் இல்லை.

மூன்று முறை போனவள் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். நான் அந்த வழியில் போனதில்லை. போயிருந்தால் அதையே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டு துண்டுகளும் ஒரே சீட்டில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால் சில நூறு ரூபாயோ சில ஆயிரமோ மிஞ்சலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகும். நடுவில் மூன்று, நான்கு மணி நேரம் இருக்கும்படி பாருங்கள். சக்கர நாற்காலிக்காரர்களைக் கடைசியில்தான் இறக்குவார்கள். ஒன்றரை மணி நேர இடைவெளி அவர்களுக்குப் போதாது.

பெரம்பூர்க்காரர் எழுதியது:

நேற்றிரவு மாப்பிள்ளையிடம் பேசினோம். உங்கள் எல்லாருடைய பதில்களையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். தூரம், காற்று, எவரெஸ்ட் எதுவும் அவரை அசைக்கவில்லை. "எதில் அதிகபட்சமாக ஒரே மூச்சில் உட்கார வேண்டும், எதில் மொத்தமாக அதிகம் உட்கார வேண்டும், இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள்" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஹாங்காங் மீது விரலை வைத்தார். நடுவில் நான்கு மணி நேரம், ஒரே சீட்டு, ஓரத்து இருக்கை, சக்கர நாற்காலி. பணமும் கட்டியாகிவிட்டது.

மே 14-ஆம் தேதி 01:10 மணிக்கு விமானம். மூத்த மகன் வண்டியில் கொண்டுவிடுவான். 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பெரம்பூரிலிருந்து ஒன்பது மணிக்குக் கிளம்பினால் மீனம்பாக்கத்துக்குச் சரியாக இருக்கும் அல்லவா?

டிக்கெட் மேசை எழுதியது:

ஐயா, 14-ஆம் தேதி இரவு நீங்கள் கிளம்பும்போது அந்த விமானம் போய்ச் சேர்ந்திருக்கும். 14-ஆம் தேதி 01:10 என்பது 13-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி எழுபதாவது நிமிடம். 13-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள். மகனிடமும் இன்றைக்கே தேதியைச் சொல்லிவிடுங்கள். சென்ற ஆண்டு என் மைத்துனர் குடும்பம் மாலை, சந்தனம் எல்லாம் முடித்துக்கொண்டு ஒரு நாள் தாமதமாக வந்து வாசலில் நின்றது. சீட்டு எழுதிக் கொடுத்தவன் நான்தான். இன்றுவரை என்னோடு அவர் சரியாகப் பேசுவதில்லை.

பெரம்பூர்க்காரர் எழுதியது:

13-ஆம் தேதி இரவு எட்டு மணி. நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டேன். முப்பத்தோரு ஆண்டுகள் இருபத்து நான்கு மணிக் கடிகாரத்தோடு வேலை பார்த்தவன் என்பதை மனைவியிடம் யாரும் நினைவூட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.